சின்னப்பம்பட்டி மைதானம்: நடராஜன் எழுதிய வரவு செலவுக் கணக்கு

2023 ஜூன் 23. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானத்துக்குத் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட வந்தவர் தினேஷ் கார்த்திக். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் நிர்வாகிகள் வந்திருந்தார்கள். நடிகர் யோகி பாபுவும் வந்திருந்தார். மைதானத்தின் பெயர் 'நடராஜன் கிரிக்கெட் மைதானம்'. கட்டியவரும் அதே நடராஜன்தான். அரசாங்கம் கட்டியதல்ல, கிரிக்கெட் சங்கம் கட்டியதல்ல. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே டென்னிஸ் பந்து வீசி வளர்ந்த ஒருவர் தன் சம்பாத்தியத்தில் கட்டியது.

தங்கராசு நடராஜன் என்ற அந்த இடதுகைப் பந்துவீச்சாளரின் கதை பலருக்கும் தெரியும். ஏழைக் குடும்பம், யார்க்கர், ஐ.பி.எல்., ஆஸ்திரேலியா, தேர் ஊர்வலம் என்று அதை ஒரு சினிமாக் கதை போலச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் சினிமா முடிகிற இடத்துக்குப் பிறகுதான் இந்தக் கதையில் யோசிக்க வேண்டிய விஷயமே இருக்கிறது. ஒரு கிராமம் ஒரு ஆட்டக்காரனை வெளியே அனுப்பியது. அவர் திரும்பி வந்தார். வந்து என்ன செய்தார்? அது எவ்வளவு நாள் நிற்கும்? இதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப் போகிறது.

தறியும் லாரியும் உள்ள ஊர்கள்

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நாமக்கல் 1997 ஜனவரி 1-ம் தேதி தனி மாவட்டம் ஆகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதிதான். இரண்டுக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எடப்பாடி, தாரமங்கலம், ஜலகண்டாபுரம், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரியும். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கும் சேகோ ஆலைகளும். மழையை முழுதாக நம்ப முடியாத மேட்டு நிலம். அதனால் விவசாயத்தோடு ஏதாவது ஒரு தொழிலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்ட மக்கள்.

இந்த ஊர்களில் விளையாட்டு என்றால் இரண்டுதான். ஒன்று கபடி. கோயில் திருவிழா, பொங்கல் என்றால் மின்விளக்கு கட்டி ராத்திரி முழுக்க நடக்கும். இன்னொன்று டென்னிஸ் பந்து கிரிக்கெட். அறுவடை முடிந்த காடு, பள்ளிக்கூடத் திடல், தண்ணீர் வற்றிய ஏரி எதுவானாலும் போதும். நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு என்று நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்கள். பரிசு கொடுப்பவர் உள்ளூர் தறிப்பட்டறை முதலாளியாகவோ லாரி ஓனராகவோ இருப்பார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இப்படி எத்தனையோ போட்டிகள் நடந்தாலும், இவற்றில் எவ்வளவு நன்றாக ஆடினாலும், அது எந்த ஸ்கோர் புத்தகத்திலும் நிரந்தரமாக ஏறாது. எந்தத் தேர்வுக் குழுவும் வந்து பார்க்காது. சென்னையில் தோல் பந்தில் ஆடுவதுதான் கிரிக்கெட். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு!

யார்க்கர் பிறந்த இடம்

நடராஜன் 1991-ல் பிறந்தவர். அப்பா தினக்கூலித் தொழிலாளி. அம்மா சாலையோரத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். ஐந்து பிள்ளைகளில் நடராஜன்தான் மூத்தவர். அந்த வீட்டில் ஒரு பையன் கிரிக்கெட் ஆடுகிறேன் என்று சுற்றுவது எவ்வளவு பெரிய செலவு என்பது அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். செலவு என்றால் பேட்டும் ஷூவும் மட்டுமல்ல. வேலைக்குப் போகாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நஷ்டம்.

20 வயது வரைக்கும் அவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்தில்தான். அவருடைய யார்க்கர் அங்கேதான் உருவானது. ஏன் என்று புரிந்துகொள்ள அந்த ஆட்டத்தின் சட்டங்களைப் பார்க்க வேண்டும். டென்னிஸ் பந்து லேசானது. தோல் பந்து போல சீம் பிடித்துத் திரும்பாது. கொஞ்சம் ஷார்ட்டாகப் போட்டால் நின்று எழும்பும், பேட்ஸ்மேன் காத்திருந்து அடிப்பார். எல்லைக்கோடும் பக்கத்தில் இருக்கும். ஓவர்களோ குறைவு, ஒவ்வொரு பந்தையும் தூக்கி அடிக்கத்தான் பார்ப்பார்கள். பந்து வீசுகிறவனுக்கு மிச்சம் இருக்கும் ஒரே பாதுகாப்பான இடம் பேட்ஸ்மேனின் கால் விரலுக்குப் பக்கம். அங்கே விழுந்தால் தூக்க முடியாது. ஆறு பந்தையும் அங்கே போடத் தெரிந்தவனுக்குத்தான் அந்த ஆட்டத்தில் மதிப்பு.

பிற்காலத்தில் இருபது ஓவர் கிரிக்கெட் வந்து அதே நிலைமையைப் பெரிய மைதானங்களுக்கும் கொண்டுவந்தது. கடைசி நான்கு ஓவரில் ஒவ்வொரு பந்தையும் சிக்ஸர் அடிக்கப் பார்க்கும் பேட்ஸ்மேன்கள். அதற்கு மருந்து தெரிந்தவன் ஏற்கெனவே ஒரு கிராமத்தில் தயாராகிக்கொண்டிருந்தான்!

அந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் ஜெயப்பிரகாஷ். அதே ஊர்க்காரர், அதே ஊர் அணியில் ஆடியவர், நடராஜனுக்கு அண்ணன் மாதிரி. சென்னைக்குப் போய் ஆடச் சொன்னதும், அதற்கு வழி தேடிக் கொடுத்ததும் அவர்தான். அந்த நன்றியை நடராஜன் மறைத்து வைக்கவில்லை. ஐ.பி.எல். சட்டையின் முதுகில் மற்றவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள, இவர் போட்டுக்கொண்டது 'ஜே.பி. நட்டு'. ஜே.பி. என்றால் ஜெயப்பிரகாஷ்.

ஏணியின் கீழ்ப்படி

சென்னை லீக் என்பது ஒரு ஏணி. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் இந்த லீக்கில் பல டிவிஷன்கள். மேல் டிவிஷன் அணிகளுக்குப் பின்னால் பெரிய கம்பெனிகள் இருக்கும். ஆட்டக்காரர்களுக்கு வேலையோ உதவித்தொகையோ கிடைக்கும். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பார்ப்பதும் மேல் டிவிஷனைத்தான். கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

நடராஜன் 2010-11 பருவத்தில் நான்காவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆட ஆரம்பித்தார். அங்கிருந்து விஜய் கிரிக்கெட் கிளப். பிறகு ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் வங்காள அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம். நான்கைந்து வருடத்தில் ஏணியின் உச்சிக்கே போய்விட்டார் என்று ஊரே சந்தோஷப்பட்டிருக்கும்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவருடைய பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்தது. பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக்கூடாது என்பது கிரிக்கெட் விதி. அதை மீறுகிறாரோ என்ற சந்தேகம். ஒரு பந்துவீச்சாளருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பேட்ஸ்மேன் ரன் எடுக்காவிட்டால் ஃபார்ம் இல்லை என்பார்கள். பந்துவீச்சாளரின் கையைச் சந்தேகப்பட்டால் அவர் அதுவரை எடுத்த விக்கெட்டுகளையே சந்தேகப்படுவது போல.

இப்படிப் புகார் வந்தவர்களில் பலர் அப்படியே காணாமல் போயிருக்கிறார்கள். நடராஜன் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சுனில் சுப்பிரமணியம், டி.வாசு, எம்.வெங்கட்ரமணா போன்ற முன்னாள் வீரர்கள் அவருடைய கையைச் சரிசெய்ய உதவினார்கள். சிறு வயதிலிருந்து பழகிய ஒரு அசைவை மாற்றுவது எழுதும் கையை மாற்றுவது மாதிரி. வேகம் குறையும், குறி தவறும், நம்பிக்கை போகும். அவர் அதைத் தாண்டி வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேலத்திலோ சின்னப்பம்பட்டியிலோ இதைச் சரிசெய்ய வசதி இருந்ததா? இல்லை. சிறு வயதில் யாராவது பயிற்சியாளர் பார்த்திருந்தால் இந்தக் குறை 15 வயதிலேயே திருத்தப்பட்டிருக்கும். டென்னிஸ் பந்து யார்க்கரைக் கொடுத்தது. கூடவே யாரும் திருத்தாத ஒரு கையையும் கொடுத்தது. பிற்பாடு அவர் ஊரில் பயிற்சிக்கூடம் ஆரம்பித்ததற்கான காரணத்தை இங்கேயே தேடலாம்.

ஏலக் கணக்கு

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆரம்பமானது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு ஆடிய நடராஜன் ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகப் போட்டார். எதிரே நின்றவர் இந்திய டெஸ்ட் வீரர் அபினவ் முகுந்த். தொலைக்காட்சியில் வந்த ஆட்டம் அது. டென்னிஸ் பந்துப் போட்டிகளில் பல வருடமாகச் செய்துகொண்டிருந்ததையே அன்றைக்கும் செய்தார். ஆனால் இந்த முறை பார்க்க ஆள் இருந்தது.

2017 பிப்ரவரி ஐ.பி.எல். ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி அவரை எடுத்த விலை 3 கோடி ரூபாய். முப்பது மடங்கு!

அந்தப் பருவத்தில் கிடைத்தது 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருடம் ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அவரை வாங்கியது, 40 லட்சத்துக்கு. 2018, 2019 இரண்டு வருடமும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பங்குச் சந்தையில் ஒரே வருடத்தில் 87 சதவீதம் விழுந்த பங்கை யார் கையில் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2020-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஐ.பி.எல்.லில் அந்தப் பங்கு ஏறியது. 16 ஆட்டம், 16 விக்கெட். அந்தத் தொடரில் அவரைப் போல யார்க்கர் போட்டவர் வேறு யாருமில்லை. நவம்பர் 6-ம் தேதி அபுதாபியில் பெங்களூருக்கு எதிரான எலிமினேட்டரில் 56 ரன் எடுத்திருந்த டிவில்லியர்ஸின் ஸ்டம்பை ஒரு யார்க்கர் பெயர்த்தது. அந்த ஒரு பந்தை இன்றைக்கும் யூட்யூபில் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. இவ்வளவும் செய்த வருடத்தில் அவருடைய விலை அதே 40 லட்சம்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

44 நாட்கள்

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. வலைப்பயிற்சியில் பந்து வீசும் ஆளாக நேராக ஆஸ்திரேலியா. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையின் முகத்தை நேரில் பார்க்காமலே விமானம் ஏறினார். வருண் சக்கரவர்த்திக்குக் காயம் என்பதால் இருபது ஓவர் அணியில் இடம் கிடைத்தது.

2020 டிசம்பர் 2, கான்பெரா. முதல் ஒருநாள் ஆட்டம். முதல் விக்கெட் லபுஷேன். டிசம்பர் 4, அதே மைதானம். முதல் டி20 ஆட்டம், 30 ரன்னுக்கு 3 விக்கெட். மூன்று டி20 ஆட்டங்களில் 6 விக்கெட். தொடர் நாயகன் விருது ஹர்திக் பாண்டியாவுக்குக் கிடைத்தது. அவர் அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் நடராஜன் கையில் கொடுத்தார்.

பிறகு டெஸ்ட் தொடர். ஒவ்வொரு பந்துவீச்சாளராகக் காயம் பட்டு விழ, கடைசி டெஸ்ட்டுக்கு ஆளே இல்லாத நிலை. 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் காபா மைதானம். இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரராக நடராஜன் களம் இறங்கினார். முதல் ஒருநாள் ஆட்டத்துக்கும் முதல் டெஸ்ட்டுக்கும் நடுவே 44 நாட்கள்தான். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட், அதில் சதம் அடித்த லபுஷேனும் ஒருவர். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத அந்த மைதானத்தில் இந்தியா 328 ரன்னைத் துரத்தி 3 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. கோப்பையை வாங்கிய ரஹானே அதை நடராஜன் கையில் கொடுத்தார்.

ஊருக்கு வந்தபோது குதிரை பூட்டிய சாரட்டு, மேளம், தெருவெல்லாம் கூட்டம். மற்றவர்களின் கட்டுரை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியக் கிராமங்களின் வழக்கம்

நடராஜன் முதல் ஆட்டம் ஆடிய கான்பெராவிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் மேற்கே வாகா வாகா என்று ஒரு ஊர் இருக்கிறது. அதற்கும் சின்னப்பம்பட்டிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

அந்த நாட்டில் ரக்பி லீக் என்ற ஆட்டம் பிரபலம். நம் கபடியைத் தெரிந்தவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாகப் படாது. எதிராளியைத் தாண்டிப் போக வேண்டும், அவர்கள் கட்டிப் பிடித்து மடக்குவார்கள். சிட்னியில் பெரிய கிளப்புகள் உண்டு. நாட்டுப்புற ஊர்களில் சின்னக் கிளப்புகள் உண்டு. சிட்னியில் பேர் வாங்கிய ஆட்டக்காரரை, அவருடைய கடைசிக் காலத்தில், ஊர்க் கிளப் ஒன்று சம்பளம் பேசி அழைத்துக்கொள்ளும். அவர் அங்கே கேப்டனும் அவரே, கோச்சும் அவரே. 'கேப்டன்-கோச்' என்றே அதற்குப் பெயர். சனி ஞாயிறு ஆட்டத்தில் முன்னால் நின்று ஆட வேண்டும். வார நாள் மாலையில் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் ஆர்தர் சம்மன்ஸ். ஆஸ்திரேலிய அணிக்கே கேப்டனாக இருந்தவர். 1963 சிட்னி இறுதி ஆட்டம் முடிந்ததும் சேறு பூசிய கோலத்தில் உயரமான நார்ம் புரோவனும் குள்ளமான சம்மன்ஸும் தோளில் கை போட்டு நிற்கும் புகைப்படம் அந்த நாட்டில் மிகப் பிரபலம். இன்றைய ரக்பி லீக் சாம்பியன் கோப்பையே அந்தப் புகைப்படத்தின் வெண்கலச் சிலைதான். அப்படிப்பட்டவர் 1960-களின் நடுவில் சிட்னியை விட்டு வாகா வாகாவுக்குப் போய் அங்குள்ள கிளப்புக்குக் கேப்டன்-கோச் ஆனார். 2020-ல் இறந்தபோதும் அந்த ஊர்க்காரராகத்தான் இருந்தார்.

இந்த ஏற்பாடு நடக்கப் பணம் எங்கிருந்து வந்தது? உறுப்பினர் சந்தா, டிக்கெட், கிளப் கட்டடத்தில் நடக்கும் மது விற்பனை, 1956-ல் அந்த மாநிலத்தில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சூதாட்ட இயந்திரங்கள். அதன் நல்லது கெட்டது வேறு விஷயம். கிளப் என்பது தனக்கென்று வருமானமும் கட்டடமும் கணக்குப் புத்தகமும் உள்ள ஒரு நிறுவனம். ஊர் ஆட்டக்காரரை வாடகைக்கு எடுத்தது. ஆட்டக்காரர் போனாலும் கிளப் இருக்கும். அடுத்தவரைப் பேசிக் கொண்டுவரும்.

இங்கே கதை தலைகீழ். சின்னப்பம்பட்டியில் கிளப்புக்குப் பணம் கிடையாது. அதனால் ஆட்டக்காரர்தான் ஊருக்கு மைதானம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்த மைதானம்

நடராஜன் இதை ஆஸ்திரேலியா போய் வந்த பிறகு ஆரம்பிக்கவில்லை. 2017-ல் முதல் ஐ.பி.எல். பணம் வந்த உடனே ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து ஊரில் பயிற்சிக்கூடம் ஆரம்பித்துவிட்டார். குடும்பத்துக்கு வீடு, தங்கைகள் படிப்பு என்று வரிசையாகச் செலவு நின்ற நேரம் அது. அடுத்த வருடமே விலை 40 லட்சமாக இறங்கிய பிறகும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு வருடமும், பயிற்சிக்கூடம் நடந்தது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. அங்கே பயிற்சி பெற்ற ஜி.பெரியசாமி என்ற வேகப்பந்து வீச்சாளர், மலிங்கா மாதிரி கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசுபவர், 2019 டி.என்.பி.எல்.லில் சேப்பாக் அணிக்கு ஆடினார். இறுதி ஆட்டத்தில் 15 ரன்னுக்கு 5 விக்கெட், கோப்பை சேப்பாக்குக்கு. நடராஜன் அந்த நாளில் இந்தியாவுக்கு ஆடியிருக்கவில்லை. தான் மேலே ஏறி முடிப்பதற்குள் இன்னொருவருக்குக் கை கொடுத்திருக்கிறார் என்பதுதான் இதில் விசேஷம்.

2021 டிசம்பரில், எல்லா வசதியோடும் ஊரில் மைதானம் அமைக்கப் போவதாக அறிவித்தார். இந்தியாவுக்கு ஆட ஆரம்பித்துச் சரியாக ஒரு வருடம். ஒன்றரை வருடத்தில் வேலை முடிந்தது. நான்கு ஆடுகளங்கள், உடற்பயிற்சிக்கூடம், சிற்றுண்டிச் சாலை, சுமார் 100 பேர் உட்காரும் சின்ன மாடம்.

இதில் முக்கியமானது ஆடுகளம்தான். மாவட்டங்களில் நிறையப் பையன்கள் தோல் பந்துக்கு மாறினாலும் ஆடுவது மேட்டிங் விரித்த தரையில். மேட்டிங்கில் பந்து ஒரே மாதிரி எழும்பும். சென்னையில் புல்தரை ஆடுகளத்தில் காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி, நான்காம் நாள் வேறு மாதிரி. அதைக் கற்றுக்கொள்ளாமல் போகும் பையன் பத்து வருடம் தாமதமாக ஆரம்பிக்கிறான். சொந்த ஊரிலேயே புல்தரை ஆடுகளம் இருந்தால் அந்தப் பத்து வருடம் மிச்சம்.

சேலத்தில் வேறு மாற்றங்களும் வந்தன. வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ராகுல் டிராவிட் வந்திருந்தார். 2022-லிருந்து டி.என்.பி.எல். ஆட்டங்களும் அங்கே நடந்தன. ஆக மாவட்டத்தின் கிழக்கே ஒரு பெரிய மைதானம், மேற்கே ஒரு கிராமத்து மைதானம். சென்னைக்கு பஸ் ஏறினால்தான் கிரிக்கெட் என்ற நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது.

தேய்மானம்

இனி கடினமான கேள்வி. வணிகவியல் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்ற சொல் பழக்கமானது. எந்த இயந்திரமும் வருடா வருடம் மதிப்பு குறையும். புத்தகத்தில் அதை எழுதி வைக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போதே அடுத்ததற்குப் பணம் ஒதுக்க வேண்டும். வேகப்பந்து வீச்சாளரின் உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு பந்துக்கும் உடல் எடையைப் போல பல மடங்கு பாரம் முன்காலில் இறங்குகிறது.

நடராஜனின் கணக்கைப் பாருங்கள். 2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும், எதிரே 95 ரன்னுக்குப் போன சாம் கரண். நடராஜன் 6 ரன் மட்டும் கொடுத்து இந்தியாவை 7 ரன்னில் ஜெயிக்க வைத்தார். அடுத்த மாதமே முழங்கால் அறுவைச் சிகிச்சை. 2025 முடியும்வரை அதற்குப் பிறகு இந்தியச் சட்டை கிடைக்கவில்லை. மொத்தம் 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. ஆக 7 ஆட்டம்.

ஐ.பி.எல். கதை வேறு. 2022-ல் 4 கோடி விலை, 18 விக்கெட். 2024-ல் 19 விக்கெட், ஹைதராபாத் இறுதி ஆட்டம் வரை போனது. அடுத்த ஏலத்தில் டெல்லி கொடுத்த விலை 10 கோடியே 75 லட்சம். அந்த 2025 பருவத்தில் அவருக்குக் கிடைத்த ஆட்டங்களோ மிகச் சில. விலை உச்சத்தில் இருந்த வருடத்தில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். 40 லட்சம் விலையில் இருந்த வருடத்தில் உலகமே அவரைப் பார்த்தது. ஆட்டக்காரரின் வருமானத்துக்கும் ஆட்டத்துக்கும் நேர்க்கோடு கிடையாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சரி, வருமானம் இப்படி ஏறி இறங்கும், ஒருநாள் நிற்கவும் போகிறது. மைதானத்தின் செலவு நிற்குமா? புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். கோடையில் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் தேடும் வட்டாரம் இது. ஆடுகளத்துக்குக் களிமண், ரோலர், அதை ஓட்டத் தெரிந்த ஆள், வலை, பந்து, பயிற்சியாளர் சம்பளம்... மைதானம் கட்டுவது ஒருமுறைச் செலவு. வைத்திருப்பது மாதாமாதச் செலவு. வாகா வாகாவில் இதைக் கிளப்பின் வருமானம் பார்த்துக்கொண்டது. இங்கே ஒரு மனிதரின் முழங்கால் பார்த்துக்கொள்கிறது.

இதை நடராஜனின் குறையாகச் சொல்ல முடியாது. அவர் செய்ய வேண்டியதற்கு மேலேயே செய்துவிட்டார். கேள்வி மற்றவர்களுக்கு. போட்டிக்குப் போட்டி பரிசுத் தொகை கொடுக்கும் தறி முதலாளியும் லாரி ஓனரும் கோழிப்பண்ணைக்காரரும் அந்தப் பணத்தில் ஒரு பங்கை மைதானத்தின் வருடச் செலவுக்கு எழுதி வைக்க முடியாதா? ஊர்க்காரர்கள் மாதம் ஐம்பது ரூபாய் சந்தா கட்டி உறுப்பினராக முடியாதா? கோயிலுக்குத் திருவிழா வரி போடும் ஊருக்கு வசூல் செய்யத் தெரியாமல் இல்லை. வரவு செலவைத் திருவிழா முடிந்ததும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கமும் இருக்கிறது. கிளப் நடத்தத் தேவையான எல்லாமே ஊரில் ஏற்கெனவே உண்டு. அதைக் கிரிக்கெட் மைதானத்துக்கும் கபடித் திடலுக்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம்தான் இன்னும் வரவில்லை.

இதே சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பனையும் நினைத்துப் பாருங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவரும் பெரிய பயிற்சிக்குப் பெங்களூர் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பையன் தானாக முளைத்து, ஒரு ஜெயப்பிரகாஷ் கண்ணில் பட்டு, வெளியூர் போய் ஜெயித்து, திரும்பி வந்து தன் பணத்தைப் போட வேண்டும் என்றால், அது அதிர்ஷ்டத்தை நம்பி நடத்தும் வியாபாரம். எத்தனை பேர் எந்த ஜெயப்பிரகாஷின் கண்ணிலும் படாமல் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் வந்திருக்கிறது. 2005-ல் சின்னப்பம்பட்டியில் யார்க்கர் போட்ட ஒரு பையனுக்கு, தோல் பந்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள 20 வயதாக வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே ஊரில் பத்து வயதுப் பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் புல்தரை ஆடுகளம் இருக்கிறது. அவனுடைய கை சரியாகப் போகிறதா என்று பார்க்க ஆளும் இருக்கிறார்கள். இதை உண்டாக்கியவர் தன் பங்கைக் கட்டிவிட்டார். மீதித் தவணை ஊருடையது.